எருமை எங்கே முடிகிறது

பாளையங்கோட்டையில், ஒரு மாவு மில்லின் மாடியில், ஜெசிந்தா டிஜிட்டல் ஓவியம் கற்றுக்கொடுத்து வந்தாள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர்களில் மூத்தவரான வைகுண்டத்துக்கு ஐம்பத்தொன்பது. மகன் உபதேசிக்கத் தகப்பன் வாய்பொத்திக் கேட்ட சுவாமிமலையை நினைத்து அவர் மனத்தைத் தேற்றிக்கொள்வார்.

முப்பது வருடம் வாரப் பத்திரிகைகளுக்குக் கறுப்பு மையில் படம் வரைந்தவர் வைகுண்டம். வண்ணம் பூசியதெல்லாம் வேறு ஆட்கள். தான் வரைந்த நாயகி என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்பது, பத்திரிகை கடையில் தொங்கும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

இப்போது ஒரு பதிப்பகம் சிறுவர் நூலுக்குப் படம் கேட்டிருந்தது. குளத்தில் நிற்கும் ஓர் எருமையின் கதை. முதல் பக்கத்தை வண்ணத்தோடு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் புத்தகம் முழுவதும் வண்ணமும் அவருடையது. பிடிக்காவிட்டால் கோடு மட்டும் அவருடையது.

காலையிலேயே டேப்லெட்டும் கையுமாக மாடி ஏறிவிட்டார்.

"டீச்சர், நிறம் பூச எந்த ஆப் நல்லது?"

"இப்ப எது வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

"நாலு வச்சிருக்கேன். நாலும் சரியில்லை."

"நாலுமா?"

"நிறம் கொட்டுற பக்கெட்டை எடுத்து எருமை மேல ஒரு தட்டுத் தட்டினேன். பக்கம் முழுக்க எருமையாப் போச்சு."

உண்மைதான். குளம் எருமை நிறம், கரை எருமை நிறம், வானமும் எருமை நிறம். எங்கும் ஒன்றே நிறைந்திருக்கிறது என்பவர்களுக்கு அந்தப் படம் பிடித்திருக்கலாம். பதிப்பகத்தார் அவ்வளவு தூரம் போனவர்கள் அல்லர்.

"கோட்டுல இடைவெளி இருந்தா நிறம் ஒழுகும்னு யூடியூப்ல ஒருத்தன் சொன்னான்," என்றார் வைகுண்டம். "நேத்து பூரா உட்கார்ந்து எல்லாத்தையும் அடைச்சேன்."

அடைத்த படத்தையும் காட்டினார். நிறம் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஜெசிந்தா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது எருமையா, அண்ணாச்சி?"

"கொலு பொம்மை," என்றார் அவர், வருத்தத்தோடு. "எனக்கும் தெரியுது. அதான் கேக்கேன். கோட்டையும் அடைக்கக் கூடாது, நிறமும் ஒழுகக் கூடாது. அப்படி ஒரு டூல் இருந்தா சொல்லுங்க, இப்பவே இறக்கிருதேன். எத்தனையோ நாயகிக்கு ஊரான்தான் சேலை எடுத்தான். இந்த எருமைக்காவது நான் எடுக்கணும்."

ஜெசிந்தா பழைய படத்தில் எருமையின் வயிற்றுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இங்க ஏன் கோடு போடலை?"

"அங்க தண்ணி தொடுதுல்லா."

"தொட்டா?"

"நானும் முட்டளவு தண்ணியில நின்னுட்டு வரைஞ்சது, டீச்சர். நல்லாப் பார்த்தேன். வயித்துச் சேறு கரைஞ்சுக்கிட்டே இருக்கு. எருமை எங்க முடியுது, குளம் எங்க ஆரம்பிக்குதுன்னு அந்த எருமைக்கே தெரியாது."

"எருமைக்கே தெரியாததைப் பக்கெட்டுகிட்டப் போயி கேட்டா, பாவம், அது என்ன செய்யும்?"

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. வைகுண்டம் டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார்.

ஜெசிந்தா இடைவெளிகள் உள்ள படத்தைத் திறந்து, ஒழுகிய நிறத்தை அழித்தாள். கோட்டுக்கு அடியில் கண்ணாடித் தாள் போல ஒரு வெற்று லேயர் வைத்து, கையில் பட்ட ஒரு பிரஷ்ஷைத் தட்டினாள். பிறகு காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, நீளமாக மடித்து, திரை ஓரத்தில் டூல்கள் வரிசையாக நிற்கும் இடத்தின் மேல் டேப் போட்டு ஒட்டினாள். நிறச் சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது.

"பூசுங்க."

"உள்ள என்ன பிரஷ் இருக்குன்னே பார்க்கலையே."

"நானும் பார்க்கலை."

"கோட்டைத் தாண்டிப் போயிருமே, டீச்சர்."

"சேறு தாண்டிச்சா?"

"தாண்டிச்சு."

அவள் அடுத்த சீடரிடம் போய்விட்டாள்.

முதல் இழுப்பே எருமையின் முதுகைத் தாண்டி வானத்தில் போய் நின்றது. அழிக்கலாம் என்று அவர் கை ஓரத்துக்குப் போனது. அங்கே நேற்றைய தேதியும் ராகு காலமும் இருந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வானத்தில் நின்ற கறுப்பைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அதற்கு ஒரு பிளவுபட்ட வால் இழுத்தார். அது எருமை மேல் உட்கார்ந்த கரிச்சான் குருவி ஆயிற்று.

அதன்பின் அவர் ஓரத்துப் பக்கம் போகவில்லை.

வயிற்றுக்குக் கீழே வந்தபோது கை மெதுவானது. கருஞ்சாம்பலைக் கோடு இல்லாத இடத்தின் வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி, இறங்க இறங்கப் பழுப்பாக்கி, பழுப்பைப் பாசிப் பச்சையில் கரைத்தார். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது. வெயில் சாய்ந்தபோது எருமை குளத்தில் இருந்தது, குளம் கொஞ்சம் எருமையில் இருந்தது. வானம் வானமாகவே இருந்தது.

அனுப்பினார். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் பதிலும் வந்துவிட்டது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை சத்தமாகப் படித்தார்.

"'மற்ற பக்கங்களுக்கும் நீங்களே வண்ணம் தீட்டுங்கள். எந்த டூல் என்று தெரிவித்தால் எங்கள் மற்ற ஓவியர்களுக்கும் சொல்லுவோம்.'"

அவர் கை தாளின் ஓரத்தைப் பிரிக்கப் போய், பாதியில் நின்றது.

"என்ன டீச்சர் சொல்ல?"

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்தாள்.

"முதல்ல குளத்துல இறங்கச் சொல்லுங்க, அண்ணாச்சி."