கரடி திரும்பி உட்கார்ந்த ஆட்டம்

நாவல்குளத்தின் வடகரையில் ஒரு கரடி கூடைப்பந்து அணி நடத்தி வந்தது. தென்கரையில் ஒரு காட்டுப்பன்றி இன்னொரு அணியை நடத்தி வந்தது. மூங்கில் வெட்ட வந்தவர்கள் விட்டுப்போன அடியில்லாத கூடைகள் இரண்டை மரங்களில் கட்டி, கொடிகளைச் சுருட்டிப் பந்து செய்து, இரண்டு அணிகளும் விளையாடும். பங்குனியில் நடப்பது பெரிய ஆட்டம்.

வெறும் விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ஆட்டத்தில் ஜெயித்த கரைக்குக் கோடை முழுக்கக் குளத்தின் ஆழமான பக்கம். தோற்ற கரைக்கு மேடான பக்கம். மேடான பக்கத்தில் சித்திரை பாதியிலேயே சேறுதான் மிஞ்சும். அப்புறம் தண்ணீருக்கு இரண்டு குன்று தாண்டி ஆற்றுக்கு நடக்க வேண்டும். குட்டி வைத்திருக்கும் மான்களைக் கேட்டால் அந்த நடை எப்படியென்று சொல்லும்.

மூன்று வருடமாக வடகரைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. காரணம் கடமான். அது கழுத்தை நீட்டினாலே கூடை பக்கத்தில் வந்துவிடும். அதோடு இரண்டு புள்ளிமான்களும், ஒரு மந்தியும், ஒரு முள்ளம்பன்றியும் ஆடின. பந்து முள்ளம்பன்றியின் முதுகில் குத்திக்கொண்டால் எதிரணி அதைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த ஐந்து பேர் ஆட, ஒரு கீரியும் ஒரு முயலும் ஓரத்தில் விழுந்து கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் சின்ன வயசு. கரடியும் அதே கட்டையின் நுனியில்தான் உட்காரும். யாருக்காவது மூச்சு வாங்கினால் கீரியை இறக்கும். கீரி ஒரு தப்புப் பண்ண வேண்டியதுதான். கரடி கட்டையில் ‘டொக்’ என்று தட்டும். தட்டினால் வெளியே வா என்று அர்த்தம்.

கீரி அதுவரை பதினொரு ஆட்டங்களில் இறங்கியிருந்தது. பதினொன்றையும் சேர்த்தாலும் ஒரு நாவல்பழம் தின்னும் நேரம் தேறாது.

ஒரு நாள் அது கேட்டேவிட்டது. “வாத்தியாரே, பந்தை விட்டதும் கூப்பிட்டுர்றீங்க. விட்ட பந்தை நானே போய்ப் பிடிக்க ஒரு தரம் விடுங்களேன்.”

“ஆடத் தெரிஞ்சுக்கிட்டு வா, இறக்குறேன்” என்றது கரடி.

“இறக்கினாத்தானே தெரிஞ்சுக்க முடியும்?”

“வாய் மட்டும் நல்லா ஆடுது. கட்டையில போய் உக்காரு.”

கடமானும் சொல்லிப் பார்த்தது. “முழங்கால் விட்டுப்போகுது வாத்தியாரே. மாசாமாசம் சும்மா ஆடுற ஆட்டத்துலயாவது சின்னதுங்களை விடுங்க. அதுல தோத்தா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.”

“நீ இல்லாம ஒரு ஆட்டமா? இன்னும் ஒரு வருஷம் தாங்குப்பா.”

இந்த ‘இன்னும் ஒரு வருஷம்’ கடமானுக்கு மூன்றாவது முறை. கரடி கெட்டதில்லை. தோற்கப் பயந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயத்தைக் கட்டிக்கொண்டு அது எல்லாரையும் படுத்திய பாடு இருக்கிறதே!

எதிர்க்கரைப் பன்றியோ மாதாந்திர ஆட்டத்துக்கெல்லாம் தன் குட்டிகளை முழு நேரமும் இறக்கிவிடும். அவை பந்தை விடும், தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்ளும், தோற்றுப்போகும். பன்றி அமைதியாகக் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றுகொண்டு பார்த்திருக்கும்.

“மூணு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கியே, புத்தி வராதா?” என்று கரடி ஒரு தடவை சீண்டியது.

“வந்துக்கிட்டுதான் இருக்குண்ணே” என்றது பன்றி, குட்டிகளைப் பார்த்தபடி.

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

அந்த ஆண்டு மழை சரியில்லை. பங்குனியிலேயே குளம் பாதியாகியிருந்தது. பெரிய ஆட்டத்தன்று இரண்டு கரையும் திரண்டு வந்தது. நடுவர் கொக்கு. நாவல் மரத்தின் நிழல் கரையிலுள்ள பாறையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்று கணக்கு.

பாதி நேரத்தில் வடகரைக்கு ஒன்பது கூடை, தென்கரைக்கு ஐந்து. கரடி உற்சாகமாக உடம்பைச் சொறிந்துகொண்டது. மறுபாதியில் அணிக்கு இன்னும் இரண்டு கூடை விழுந்தன. பதினொன்றுக்கு ஏழு. அப்போது கடமான் தாவி இறங்கியது, இறங்கிய கால் ஊன்றவில்லை. நொண்டிக்கொண்டே கட்டைக்கு வந்தது.

“முடியல வாத்தியாரே.”

“கொஞ்சம் பாரேன்.”

“மூணு வருஷமா பார்த்தாச்சு.”

வேறு வழியில்லாமல் கரடி கீரியை இறக்கியது. பந்து கீரியிடம் வந்தது. எதிரே ஆளில்லை, கூடை காலியாக இருந்தது. ஆனால் கீரி கூடையைப் பார்க்கவில்லை. திரும்பிக் கரடியைப் பார்த்தது. அந்த நேரத்தில் ஒரு பன்றிக்குட்டி பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

டொக்.

முயல் இறங்கியது. பந்து கிடைத்ததும் அதுவும் கரடியைப் பார்த்தது. பந்து போனது. டொக். மறுபடி கீரி, மறுபடி முயல். கட்டை தட்டும் சத்தம் மரங்கொத்தி போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. தென்கரை வரிசையாக ஆறு கூடை போட்டது. பதினொன்றுக்குப் பதின்மூன்று.

பன்றி தன் குட்டிகளுக்குச் சொல்வது இந்தப் பக்கம் வரை கேட்டது. “பந்து கிடைச்சா அதுங்க முதல்ல கரடியைத்தான் பாக்கும். அப்பப் பறிச்சிருங்க, போதும்.”

கரடியின் கை கட்டைக்கு மேலே அப்படியே நின்றது. “அப்படியா பாக்குதுங்க?” என்று கடமானைக் கேட்டது.

“பின்னே? பந்தை விடுவோமோன்னு அதுங்களுக்குப் பயமில்லை. நீங்க தட்டுவீங்களோன்னுதான் பயம்.”

கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது எழுந்து, கட்டையின் மறுபக்கம் போய், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக் காட்டைப் பார்த்து உட்கார்ந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டது.

“கீரி, இறங்கு. இனிமே கூப்பிட மாட்டேன்.”

“தப்புப் பண்ணினா?”

“பண்ணு. அதைச் சரி பண்ணவும் நீதான் அங்க இருக்கப்போற.”

கீரி இறங்கியது. முதல் பந்தையே விட்டது. தென்கரைக்குப் பதினான்கு. பழக்கம் விடவில்லை, அது கட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே அகலமான ஒரு கறுப்பு முதுகுதான் தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. கீரி கொஞ்சம் நின்றது. பிறகு பந்து எங்கே என்று பார்த்தது.

அதற்கப்புறம் அது வேறு கீரி. பன்றிக்குட்டிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பறித்தது. மந்திக்குத் தூக்கிப் போட்டது. பன்னிரண்டு. அடுத்ததை விட்டது, தானே துரத்திப் பிடித்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று எறிந்தது. பதின்மூன்று. தென்கரை ஒன்று போட்டுப் பதினைந்தானது. கீரி இன்னொன்று போட்டது. பதினான்கு. வடகரை மொத்தமும் எழுந்து நின்றது. கரடி மட்டும் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க அது பட்ட பாடு அதன் காதுகளில் தெரிந்தது.

கீரி மறுபடி பந்தைப் பறித்தது. ஓடியது. நிமிர்ந்தது. எறிந்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் அது கையை விட்டுக் கிளம்பும் முன்பே நாவல் நிழல் பாறையைத் தொட்டிருந்தது. கொக்கு இறக்கையை விரித்துவிட்டது.

“முடிஞ்சுதா?” கரடி முதுகைக் காட்டியபடியே கேட்டது.

“முடிஞ்சுது” என்றது கடமான்.

“ஜெயிச்சோமா?”

“ஒரு கூடை கம்மி.”

சித்திரை பாதியில் மேடான பக்கம் சேறானது. வடகரை மிருகங்கள் குட்டிகளை நடத்திக்கொண்டு குன்றேறின. கடமான் கடைசியில் நொண்டி நொண்டி வந்தது. கரடி அதற்குத் துணையாக நடந்தது. கீரி இரண்டுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா ஜெயிச்சிருப்போம் வாத்தியாரே” என்றது கீரி.

கரடி நின்று, மூச்சு வாங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. கீழே ஆழமான பக்கத்தில் பன்றிக்குட்டிகள் குளித்துக்கொண்டிருந்தன.

“அந்தக் கொஞ்ச நேரம் மூணு வருஷமா எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் குடுக்கல” என்றது கரடி.

தவறு செய்து பழக இளையவர்களுக்கு நேரம் கொடுக்காதவர்களுக்கு, அவர்கள் தேவைப்படும் நாளில் நேரம் போதாமல் போகும்.