தேவாங்குக்காகப் பேச ஒருவர்

மூங்கிற்காட்டில், ஒரு காட்டுக்கோழி புதரடியில் முட்டைகள் இட்டு அடைகாத்து வந்தது. ஒருநாள் அது இரை தேடித் திரும்பியபோது, கூட்டில் உடைந்த ஓடுகளே கிடந்தன. அதன் கதறலைக் கேட்டு விலங்குகள் ஓடி வந்தன. கூட்டுக்கு நேர் மேலே, மூங்கிற்கிளையைப் பற்றியபடி ஒரு தேவாங்கு உறங்கிக்கொண்டிருந்தது.

"இதோ இருக்கிறான் திருடன்! உண்ட மயக்கத்தில் தூங்குகிறான்" என்றது குரங்கு.

காட்டில் வழக்குகளைத் தீர்ப்பது கரடி. தேவாங்கைக் கீழே இழுத்து அதன்முன் நிறுத்தினார்கள். அப்போது உச்சிப்பொழுது. இரவில் மட்டுமே விழித்திருக்கும் தேவாங்குக்கு வெயிலில் கண் கூசியது. அது இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது.

"பார்த்தீர்களா, ஐயா? வெட்கம் வந்துவிட்டது அவனுக்கு" என்று குரங்கு கேலி செய்தது. கூட்டம் சிரித்தது.

முட்டைகளைத் தின்றாயா என்று கரடி அதட்டியது. அச்சம் மேலிட்டால் தேவாங்கு அசைவற்றுப் போகும், நாவும் எழாது. அந்த மௌனத்தைக் கரடி ஒப்புதலாகவே கொண்டது.

கூச்சல் கேட்டு, வளையிலிருந்து முள்ளம்பன்றி வெளியே வந்தது. தேவாங்குக்கு அச்சம் தெளியும்வரை பொறுக்குமாறும், அதன் சார்பில் கோழியிடம் சில கேள்விகள் கேட்கத் தன்னை அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டியது.

"திருடனுக்குப் பரிந்து பேச ஓர் ஆளா? உனக்கும் பங்கு கிடைத்ததோ?" என்றது குரங்கு.

"அவன் திருடன் என்று இன்னும் முடிவாகவில்லையே, ஐயா" என்று முள்ளம்பன்றி கரடியைப் பார்த்துச் சொன்னது.

"குற்றமற்றவனாக இருந்தால் அவனே பேசியிருப்பான். பிள்ளைகளை இழந்தவள் அழுது நிற்கிறாள், உன் கேள்விகளுக்கு நேரமில்லை" என்று கரடி முடித்துவிட்டது.

காட்டுக்கு அப்பாலிருந்த பொட்டல்வெளிக்குத் தேவாங்கை விரட்டினார்கள். ஏறி ஒளிய அங்கே ஒரு மரமும் இல்லை.

கோழி மீண்டும் முட்டையிட்டது. ஒரு நண்பகலில், இரை தேடப் போன கோழி வழக்கத்துக்கு முன்பே திரும்பியது. ஓர் உடும்பு கூட்டுக்குள் தலையை நுழைத்து முட்டையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது.

கோழி கரடியிடம் ஓடி, உடும்பைக் கண்டதைச் சொன்னது.

"ஐயா, அன்றும் இரவெல்லாம் முட்டைகள் என் சிறகடியில்தான் இருந்தன. விடிந்து நான் எழுந்து போகும்போதும் முழுதாக இருந்தன. பகலில் உறங்குகிறவன் எப்படித் தின்றிருப்பான்? அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, துக்கத்தில் எனக்கும் தோன்றவில்லை" என்று விம்மியது.

கரடி எல்லோரையும் அழைத்துக்கொண்டு பொட்டல்வெளிக்கு விரைந்தது. அங்கே ஒரு பாறையோரத்தில் தேவாங்கின் உடல் காய்ந்து கிடந்தது.

கரடி தலைகுனிந்தது. பிறகு, தேவாங்கு குற்றமற்றது என்று காடு முழுவதும் அன்றே அறிவிக்கப் போவதாகச் சொன்னது.

"அறிவியுங்கள், ஐயா. கேட்க வேண்டியவன்தான் இல்லை" என்றது முள்ளம்பன்றி.

குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஒருவரை அனுமதித்து, அவர் தரப்பை முழுமையாகக் கேட்கும்முன் எவரையும் தண்டித்தல் ஆகாது. காலம் கடந்து வரும் உண்மை, போன உயிரை மீட்டுத் தராது.