கன்னத்தில் ஒதுக்கியது

பதினைந்து வயசுச் சிற்றம்பலத்தின் இடது கன்னம் குழிப்பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. பதிகம் பாட வாயைத் திறந்தவன், "ஐயோ அம்மா!" என்று அலறினான்.

"அப்படி ஒரு பண் நான் சொல்லிக்கொடுக்கலையே," என்றார் ஓதுவார் சபாநடேசனார்.

எங்கள் தேவாரப் பாடசாலையில் திருவாதிரை அன்று சந்நிதியில் தனியாகப் பாட ஒரே ஒரு பையனைத்தான் நிறுத்துவார்கள். இந்த வருஷம் சிற்றம்பலம். அதைக் கேட்க அவன் ஊரிலிருந்து அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் என்று ஒரு வேனே கிளம்பி வருவதாக இருந்தது. ஓதுவார் ஐயா சந்நிதியில் பாடுவதை நிறுத்திப் பல வருஷமாச்சு. "பிள்ளைங்க பாடட்டும்" என்பார். என்ன பெரிய மனசு என்று ஊரே மெச்சும். அந்த வயசிலும் அவருக்குப் பல்வரிசை முத்துக் கோர்த்த மாதிரி இருக்கும். அதையும் மெச்சும்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் சொத்தை என்றார். மாத்திரை கொடுத்தார். வீக்கம் வற்றினால் அடைத்துவிடலாம், மிட்டாயை மட்டும் விட்டுவிடு என்றார்.

"வத்தலைன்னா கயிலைதான் பாடணும்," என்றார் ஐயா.

சிற்றம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் படிக்கும் கயிலைநாதன் பந்திக்கு முந்துகிற பையன்.

"இது எந்த ஊர் நியாயம் ஐயா? கல்யாண வீட்டுல அவன் ஒரே மூச்சுல எட்டு லட்டு தின்னான். அவன் பல்லு தேங்காய்ச் சில்லு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. நான் கண்ணியமா ஒரு ஆரஞ்சு மிட்டாய். கடிக்கக்கூட மாட்டேன். கன்னத்துல ஒதுக்கிட்டா சாவகாசமா கரையும். கரைஞ்சப்புறம்தான் அடுத்தது. எனக்கா சொத்தை?"

ஐயா வாயிலிருந்த பனங்கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் ஒரு துண்டு அங்கே இருக்கும்.

"என் சிநேகிதர் பிச்சாண்டி நாளைக்கு வர்றார். உன் அறையில தங்கட்டும்."

"நிறைய சாப்பிடுவாரா ஐயா?"

"கொறிப்பார்."

மறுநாள் காலையில் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று வந்து கூடத்தில் இறங்கியது. பரிமாறும் வேலை கயிலைக்கு. அண்டாச் சோறு, சாம்பார், ரசம், அப்பளம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. சாப்பிட்டார்கள், கும்பிட்டார்கள், போய்விட்டார்கள். கயிலை கூடத்தைக் கழுவிவிட்டுக் குறட்டை விட்டான்.

பிச்சாண்டியும் வந்தார். அரை இட்லி சாப்பிட்டார். சிற்றம்பலத்தின் பாயில் ஓரமாக உட்கார்ந்தார்.

போகவில்லை.

"தம்பி, அரை வாய்க் காபி கிடைக்குமா?" என்றார். கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஒரு முறுக்கு," என்றார். அப்புறம் மறுபடி அரை வாய்க் காபி. இவன் பாட உட்கார்ந்தால், "நான் அரக்கோணத்துல இருந்தப்போ..." என்று ஆரம்பித்துவிடுவார். குளிக்கப் போனால் கூடவே வருவார். ஈரத்துண்டை இவன் சட்டைமேலேயே உலர்த்துவார். ஓரமாக உட்கார்ந்தவருக்கு இப்போது முழுப் பாய். சிற்றம்பலம் சுவரோரம்.

திருவாதிரைக்கு இரண்டு நாள் இருந்தது. வீக்கம் வற்றிவிட்டது, பதிகம்தான் பாடமாகவில்லை. சிற்றம்பலம் ஐயாவிடம் ஓடி வந்து அழாத குறையாக நின்றான்.

"ஐயா, அவரை அனுப்பிடுங்க. என்னால முடியல!"

"நிறைய திங்கறாரா?"

"இல்லைங்க ஐயா. நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு ஆள் சாப்பாடு தேறாது."

"எதையாவது உடைச்சாரா?"

"இல்லை."

"பின்னே அந்த யாத்திரைக் கூட்டமே தேவலைங்கிறியா?"

"ஆயிரம் மடங்கு தேவலை! அவங்க தின்னாங்க, போயிட்டாங்க. இவர் போகவே மாட்டேங்கிறாரே ஐயா!"

சொன்னபோது அவன் வாய்க்குள் டக்கென்று ஏதோ பல்லில் தட்டியது. ஐயா காதைத் தீட்டினார்.

"என்னடா அது?"

"மிட்டாய்ங்க ஐயா," என்றான் சிற்றம்பலம். "ஆனா வலி இடது பக்கம். இது வலது பக்கம்."

ஐயா அவனையே பார்த்தார். அவன் நாக்கு மெதுவாகச் சொத்தைப் பல்லைப் போய்த் தொட்டது. முகம் மாறியது. மிட்டாயைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டான். ஆனாலும் பதினைந்து வயசு. சும்மா இருக்குமா?

"ஐயா மட்டும் எந்நேரமும் கற்கண்டை ஒதுக்கிக்கிட்டுத்தானே இருக்கீங்க? உங்களைப் பார்த்துத்தான் நான் பழகினேன். உங்க பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே!"

கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கயிலைக்குப் புரையேறியது.

ஐயா எழுந்து கதவைச் சாத்தினார். கற்கண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மேல்வரிசையைக் கழற்றினார். கீழ்வரிசையைக் கழற்றினார். அந்த முத்துக் கோர்த்த வரிசை இரண்டும் அவர் உள்ளங்கையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தன. அவர் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், யாரோ வேற்று மனுஷர் எதிரே நிற்பது போல இருந்தது.



"கடைசியா சந்நிதியில பாடினப்போ, குரலை மேல எடுத்தேன்," என்றார் ஐயா. பேச்சு குழறியது. "இது கற்பூரத் தட்டுல போய் விழுந்துச்சு."

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஐயா ஓரமாக வைத்த கற்கண்டைப் பார்த்தார்.

"என் வீட்டுல விருந்தாளி இன்னும் இருக்கான்டா. வீட்டுக்காரங்கதான் ஒவ்வொருத்தரா கிளம்பிப் போயிட்டாங்க."