புள்ளியைக் கண்டு ஓடிய மான்குட்டி

மூங்கில் காட்டில் துள்ளி என்று ஒரு புள்ளிமான் குட்டி இருந்தது. பால் மறக்காத வயது. பால் குடிக்கும்போது கண்ணுக்கு நேரே தெரிவது அம்மாவின் உடம்பிலுள்ள புள்ளிகள்தான். அதனால் புள்ளி இருந்தால் அம்மா என்று நினைத்துக்கொண்டது.

ஒருநாள் செந்நாய்கள் துரத்தியதில் மான் கூட்டம் சிதறிப்போனது. துள்ளி தனியாக மாட்டிக்கொண்டது. வயிறு பசித்தது. அதைவிட, அம்மா மேல் ஒட்டிப் படுக்க வேண்டும் போலிருந்தது.

புதருக்குள் புள்ளிகள் தெரிந்தன.

"அம்மா!"

உள்ளே இருந்தது சிறுத்தை. வேலை மிச்சம் என்று அதற்கு ஒரே சந்தோஷம். "சத்தம் போடாதே கண்ணு, கிட்ட வா" என்றது.

துள்ளி ஓடிப்போய் நின்றது. தொடையில் நகம் பாய்ந்த பிறகுதான் உறைத்தது. எப்படியோ உதறிக்கொண்டு ஓடித் தப்பியது. இனிமேல் புள்ளி என்றால் சிறுத்தை, கண்டால் ஓட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டது. பட்ட அடி அப்படி, பாவம்.

மறுநாள் மத்தியானம் குளத்தின் எதிர்க்கரையில் ஒரு மான் வந்து கத்தியது. குரல் துள்ளியை இழுத்தது. எட்டிப் பார்த்தால் உடம்பெல்லாம் புள்ளி! ஒரே ஓட்டம். அடுத்த நாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் மரத்திலிருந்த மந்தி கேட்டது. "ஏன்டி, அக்கரையில நிக்கிறவ உன்னைத்தானே கூப்பிடுறா? கூட்டம் இன்னைக்கு மலைக்கு அந்தப் பக்கம் போகுது. அவளும் போயிட்டா அப்புறம் எங்கே தேடுவே?"

"அது புள்ளி வச்சது. நான் போக மாட்டேன்."

"என்னவோ, உன் பாடு." மந்தி தளிர் பறிக்கப் போய்விட்டது.

எதிர்க்கரையில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. துள்ளிக்கு அழுகை முட்டியது. போகவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தொடைக் காயத்தை நக்கத் திரும்பியது. காயத்தைச் சுற்றிலும் புள்ளிகள்!

பதறி எழுந்து நின்றது. "எனக்கும் புள்ளி இருக்கு. ஆனா எனக்கு நகம் இல்லையே! அப்போ தப்பு புள்ளியில இல்லை."

யோசித்தது. சிறுத்தை சத்தம் போடாதே என்று ஒளிந்திருந்தது. இந்த மானோ, சிறுத்தை காதில் விழும் என்றுகூடப் பார்க்காமல் மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்துகிறது. துள்ளி நிமிர்ந்து பார்த்தபோது எதிர்க்கரை காலியாக இருந்தது.

"அம்மா! போயிடாதேம்மா!"

குளத்தைச் சுற்றி நொண்டிக்கொண்டே ஓடியது. மலைப்பாதையில் அந்த மான் நின்றது, திரும்பியது, பாய்ந்து வந்தது.

"எங்கடி இருந்தே இத்தனை நாளா?"

"உன்னைப் பார்த்துத்தாம்மா ஓடினேன்."

தாய் காயத்தை நக்கியது. மடியில் பால் வற்றிவிட்டிருந்தது. ஆனாலும் துள்ளி வாயை எடுக்கவில்லை.

பட்ட அடியை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் அதைத் திரும்ப ஒருமுறை யோசித்துப் பார்க்காவிட்டால், நாம் ஏங்கித் தவிப்பதே எதிரில் வந்து கூப்பிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருப்போம்.