பிலீஃப், பிலீவ்

ஆவுடையம்மாள் எங்கள் கல்லூரியில் பதினொரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பாள். அந்த வருஷம் மணியடிக்கும் வேலையோடு ஒரு நிரந்தர இடம் வந்தது. அது கிடைக்காவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நேர்காணலில் ஆங்கிலத் துறைத் தலைவர் ஞானசிகாமணி சாய்ந்து உட்கார்ந்தார்.

"காலேஜ் வேலைக்கு இங்கிலீஷ் வேணும்மா. பிலீஃப், பிலீவ். அர்த்தம் என்ன? எது பெயர்ச்சொல், எது வினைச்சொல்?"

பிரின்சிபால் அம்மா சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தார்.

"பிலீஃப் பெயர்ச்சொல் சார். நம்பிக்கை, மனசுல இருக்கிறது. பிலீவ் வினைச்சொல். நம்புறது, நாம செய்யுறது."

ஞானசிகாமணி நிமிர்ந்தார். "யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான் சார். வருஷா வருஷம் ஜூலை முதல் வாரம் போர்டுல எழுதுவீங்க. நான்தானே அழிக்கிறேன்."

"அப்போ ரெண்டு உதாரணம் சொல்லு."

"பிலீவுக்கு, 'என் மனைவி என்னை நம்புகிறாள்'னு எழுதுவீங்க."

பிரின்சிபால் அம்மா இருமினார்.

"பிலீஃபுக்கு?"

"அது தெரியாது சார். அதுக்குள்ள பெல் அடிச்சிரும். பதினொரு வருஷமா."

பிரின்சிபால் அம்மா சிரித்தேவிட்டார். ஞானசிகாமணி அவளுடைய நியமனத் தாளை முன்னால் இழுத்தார். பேனாவைத் திறந்து அதில் கையெழுத்துப் போட்டார்.

"வர்ற ஜூலையில அதையும் எழுதிடறேன்."

"எழுதுங்க சார். இனிமே பெல் என் கையிலதானே. அன்னைக்கு ரெண்டு நிமிஷம் பொறுத்து அடிக்கிறேன்."