சீயக்காய்க்குப் பட்டா கேட்டவர்கள்

நிலத்துக்குப் பட்டா கேட்டவர்கள் போதாதென்று, சொல்லுக்கும் பட்டா கேட்பவர்கள் கிளம்பிவிட்ட காலத்தில் நடந்தது இது.

சத்தியமங்கலத்தில் சீயக்காய் அரைத்து விற்கும் மாராத்தாள், 'சீயக்காய் டாட் காம்' என்ற இணையப் பெயரை எல்லாருக்கும் முன்பே பதிந்து வைத்திருந்தாள். அவளுக்கும் அவளோடு அரைக்கும் ஆறு பெண்களுக்கும் ஆர்டர் வருவது அந்தப் பெயரால்தான். பொற்குழல் என்ற பெரிய சீயக்காய்த் தூள் கம்பெனி அதைப் பிடுங்க வழக்குப் போட்டது.

ஈரோட்டில் நடந்த விசாரணையில் கம்பெனி வக்கீல் பத்ரிநாராயணன் நடுவரிடம் சொன்னார்: "சீயக்காய் என்றாலே மக்கள் நினைப்பது எங்கள் கம்பெனியை மட்டும்தான். அந்தச் சொல்லே எங்கள் முத்திரை."

மாராத்தாள் எழுந்தாள். "சரிங்க. வக்கீலய்யா அவரு டிரைவரையே எதிர்க்கடைக்கு அனுப்பட்டும். சீயக்காய் ஒரு பாக்கெட்னு மட்டும் கேக்கோணும். உங்க பாக்கெட்டு வந்தா, பேரை இங்கயே எழுதிக் குடுத்தர்றனுங்க."

"பேனாவை எடுத்து வை" என்று சிரித்தபடி வக்கீல் டிரைவருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் வைத்தார்.

சற்று நேரத்தில் கடையிலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "ஐயா, சீயக்காய்னு மட்டுந்தான் கேட்டேன். கடைக்காரர் எந்தக் கம்பெனினு கேக்கறாருங்க. என்ன சொல்லட்டும்?"

நடுவர் எழுதத் தொடங்கினார். வக்கீல் ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார்.

"பாவம், அவரு கடையில நிக்கறாரு. கம்பெனி பேரைச் சொல்லுங்க சாமி" என்றாள் மாராத்தாள். "அதுதானுங்க உங்களுது. சீயக்காய் ஊருக்கே பொதுங்க."