சட்டத்துக்கு உட்பட்ட பாத்திரக்கடை

பூவன்குறிச்சியில் யாருக்கும் எதையும் ரெண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை சொன்னதையே சொன்னபடி செய்துவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான். மற்றபடி தங்கமான மனிதர்கள்.

அந்தத் தங்கங்களில் ஒருவர் குற்றாலலிங்கம். தேரடி வீதியில் இருக்கும் லிங்கம் பாத்திரக்கடைக்கு முதலாளி. யாரையும் அதட்டத் தெரியாத மனுஷர். ஆனால் அரசாங்கம் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். தபால்காரர் காக்கிச் சட்டையோடு படியேறினால்கூட, “நான் ஒண்ணும் செய்யலியே” என்று கையைத் தூக்கிவிடுவார்.

அப்படிப்பட்டவரை வியாபாரிகள் சங்கத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். தொழிலாளர் சட்டத்தில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது, முதலாளிகள் இனிமேல் என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகப் பேசினார். தட்டில் வந்த பஜ்ஜியை லிங்கம் தொடக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய கடை மேனேஜர் மாசானம்தான் இரண்டு பேர் பஜ்ஜியையும் தின்றுகொண்டே எல்லாவற்றையும் மனசில் ஏற்றிக்கொண்டார்.

“கடைசியா ஒண்ணு சொல்றேன்” என்றார் வக்கீலம்மா. “சட்டத்தைக் கடைப்பிடிங்க. எல்லார் கண்ணிலும் படும்படி கடையில வையுங்க. சட்டத்துக்கு உட்பட்டு நடந்தா உங்களுக்கு ஒரு பயமும் வேண்டாம்.”

லிங்கம் அங்கிருந்து நேராக ஆசாரி பட்டறைக்குப் போனார்.

“ஆசாரி, அவசரமா ஒரு சட்டம் வேணும். நல்ல தேக்கில.”

“எந்தப் படத்துக்கு அண்ணாச்சி?”

“படமெல்லாம் கிடையாது. வெறும் சட்டம்தான். அரசாங்கத்து ஆளுக வந்து பார்ப்பாக. கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்.”

ஆசாரியும் பூவன்குறிச்சிக்காரர்தானே! “புதுச் சட்டம்னா வார்னிஷும் அடிச்சிருவோம்” என்றார்.

வார்னிஷ் காய்ந்ததும் லிங்கம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சுவரில் ஆணி அடிக்கப் போனவரை மாசானம் தடுத்தார்.

“மாட்டினா போதாது அண்ணாச்சி. கடைப்பிடிக்கணும்னு சொன்னாக. கடையில ஒருத்தரு அதைப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும்.”

கணக்குப்பிள்ளை நல்லபெருமாள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். “அது எப்படி? சட்டத்தைக் கையில எடுக்கக்கூடாதுன்னு டிவியில தினமும் சொல்லுதாகளே. கையில எடுத்தா போலீசு பிடிச்சிரும்.”

லிங்கம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். “நான் பட்டறையிலேருந்து கையிலதான வேய் எடுத்துட்டு வந்தேன்! தேரடி வீதியே பார்த்துச்சே!”

“பயப்படாதீக” என்றார் மாசானம். “கடைக்குள்ள வந்த பொறகுதான் சட்டம் அமலுக்கு வரும். தெருவில அது வெறும் மரம்.”

பிடிக்கவும் வேண்டும், கையில் எடுக்கவும் கூடாது. மூன்று பேரும் சாப்பிடக்கூடப் போகாமல் யோசித்தார்கள். முடிவில் நல்லபெருமாளின் தலைவழியாகச் சட்டத்தை மாட்டிக் கழுத்தில் விட்டார்கள். இப்போது கையும் படவில்லை, சட்டமும் கடையிலேயே இருக்கிறது. அவர் எங்கே நடந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தார். குனிந்து கணக்கு எழுதத்தான் முடியவில்லை. வாசலிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருந்தது.

அடுத்தது நியமனக் கடிதம். வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். நியமிக்காத ஆளுக்கு நியமனக் கடிதம் எப்படிக் கொடுப்பது? அதற்கு முன்னால் நேர்காணல் வைப்பதுதான் முறை என்று மாசானம் சொன்னார். கடையில் ரொம்பக் காலமாக வேலை பார்க்கும் இசக்கியம்மாளை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள்.

“பேரு?” என்றார் மாசானம்.

“என்ன மேனேஜரே, விளையாடுதீரா? இசக்கியம்மா.”

“முன்ன எங்கயாவது வேலை பார்த்திருக்கியா?”

“ஆமா. லிங்கம் பாத்திரக்கடையில.”

“அங்கேருந்து ஏன் விலகினே?”

“நான் எங்க விலகினேன்? இன்னமும் அங்கதான் இருக்கேன்.”

மாசானம் லிங்கத்தின் காதருகே குனிந்தார். “அண்ணாச்சி, ஒரு இடத்துல வேலையில இருந்துக்கிட்டே இன்னொரு இடத்துல வேலை கேக்குதா. எதுக்கும் பழைய முதலாளிகிட்ட ஒரு வார்த்தை விசாரிச்சிருங்க.”

லிங்கம் தன் செல்போனை எடுத்து, பழைய முதலாளியின் நம்பரைப் போட்டார். வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டார். அப்போதும் வேறு அழைப்பில்தான் இருந்தார்.

“யாருகூட வேய் இவ்வளவு நேரம் பேசுதாரு?” என்று லிங்கத்துக்கே எரிச்சல் வந்தது.

“பெரிய கடை முதலாளி. ஆயிரம் சோலி இருக்கும்” என்றார் நல்லபெருமாள், சட்டத்துக்குள்ளிருந்து.

பழைய முதலாளி கடைசிவரை கிடைக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நல்ல பெண்ணாகத் தெரிகிறது என்று இசக்கியம்மாளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தில் ‘நாளை முதல்’ என்று இருந்ததால் அன்றைக்கு அவளைக் கடைக்குள் விடவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள். மற்ற வேலையாட்களும் ஒவ்வொருவராக நேர்காணல் முடிந்து வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் எல்லோரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்போதுதான் லிங்கத்துக்கு இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. கடை ஆட்களை நாள் முழுக்க நிற்க வைக்கக்கூடாது, உட்கார இடம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். “யாரும் நிக்கப்படாது. நின்னா நான்தான் கம்பி எண்ணணும்” என்று கும்பிட்டார். நல்ல முதலாளி இவ்வளவு கேட்கிறாரே என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

ஒருவர் வந்து தூக்குவாளி கேட்டார். இசக்கியம்மாள் உட்கார்ந்தபடியே மேல்தட்டைக் காட்டினாள். “அந்தா இருக்கு. ஏணி போட்டு ஏறி எடுத்துக்கிடுங்க.” அவரும் ஏறினார். ஏணி வழுக்கி, கீழே இருந்த அண்டாவுக்குள் முழங்கால் இடிபடப் போய் விழுந்தார்.

“அளவு சரியா இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டாள் இசக்கியம்மாள். “இல்லேன்னா இதைவிடப் பெருசும் இருக்கு.”

அவர் நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்து லிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே போனால் கல்யாண சீசனில் கடை படுத்துவிடும். மறுபடி மூன்று பேரும் கூடினார்கள்.

“நிக்கக்கூடாதுன்னுதானே சொன்னாக? நடக்கக்கூடாதுன்னு சொல்லலியே?” என்றார் மாசானம்.

“நடக்கையில ஒரு கால் தரையில நிக்குமே” என்றார் நல்லபெருமாள்.

“காலுதான் நிக்கு. ஆள் நிக்கலியே.”

லிங்கம் கடைக்குள்ளேயே மெதுவாக நடந்து பார்த்தார். மாசானம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து அவர் காலைக் கவனித்தார். ஒரு கால் நிற்பதற்குள் மறுகால் கிளம்பிவிடுகிறது, சட்டத்தால் அதைப் பிடிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் வேலையாட்கள் எல்லோரும் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். நடக்கிறபோக்கில் தட்டிலிருந்து பாத்திரத்தை உருவினார்கள், நடக்கிறபோக்கிலேயே விலை சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து ரைஸ்மில்காரர் வீட்டுச் சொர்ணத்தாச்சி தன் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தார். அந்த வருஷத்திலேயே பெரிய வியாபாரம். லிங்கம் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“அந்தக் குத்துவிளக்கைக் காட்டு” என்றார் ஆச்சி.

இசக்கியம்மாள் விளக்கை எடுத்தாள், தாண்டிப் போனாள். “அடுத்த சுத்துல தாரேன் ஆச்சி!”

சொர்ணத்தாச்சி விளக்கைப் பார்க்கும் ஆசையில் அவள் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். பட்டுச்சேலை சரசரக்க அவர் மூன்றாவது சுற்றில் இருந்தபோது, வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தொழிலாளர் துறை அதிகாரியம்மா இறங்கி உள்ளே வந்தார்.

லிங்கம் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

அதிகாரியம்மா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் நடக்கிறார்கள். “கொஞ்சம் நில்லுங்க எல்லாரும்!” என்றார்.

மாசானம் ஓடிவந்து லிங்கத்தின் காதில் சொன்னார்: “அண்ணாச்சி, இது சோதனை! நின்னா மாட்டிக்கிடுவோம்!” லிங்கம் கையை அசைக்க, எல்லோரும் இன்னும் வேகமாக நடந்தார்கள். வேறு வழியில்லாமல் அதிகாரியம்மாவும் கூடவே நடந்துதான் விசாரிக்க வேண்டியிருந்தது. நாலு சுற்று முடிந்ததும் தலை சுற்றி, காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். எதிரில் நல்லபெருமாள் வந்தார்.

“இது என்ன கழுத்துல?”

“சட்டம்மா. சத்தியமா கையில எடுக்கலை.”

அதிகாரியம்மா ஒரு செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். நல்ல பொறுமைசாலி. லிங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “ஐயா, இவ்வளவுதான் விஷயம். வாடிக்கையாளர் இருந்தா எழுந்து கவனிக்கட்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்துல உட்கார விடுங்க. வேலை நேரம் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுங்க. புரியுதா?”

“புரிஞ்சிட்டும்மா!” லிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கம் தன்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஜீப் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்து பார்த்தால் கடையில் வாடிக்கையாளர் இருக்கிறார். சொர்ணத்தாச்சி தவலைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் எல்லோரும் நின்றார்கள். ஆச்சி தட்டி முடிப்பதாகத் தெரியவில்லை. இசக்கியம்மாள் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். அதைப் பார்த்ததும் லிங்கம் ஆச்சியிடம் ஓடினார்.

“ஆச்சி, கோவிச்சுக்கிடாதீக. நீங்க கொஞ்சம் வெளிய போனீகன்னா இவங்க உக்காருவாக.”

“சீர் வாங்க வந்தவளை வெளிய போகச் சொல்லுதீரா?” ஆச்சி தவலையை ணங்கென்று வைத்தார். “ஊர்ல வேற கடையா இல்ல?”

அனுப்பினால் வியாபாரம் போகும், வைத்திருந்தால் சட்டம் போகும். லிங்கம் மாசானத்தைப் பார்த்தார். மாசானத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

“ஆச்சியையும் வேலைக்கு எடுத்துருவோம். அப்புறம் கடையில ஏது வாடிக்கையாளர்?”

சொர்ணத்தாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். “சம்பளம் உண்டா?”

“உண்டு ஆச்சி.”

“உக்கார ஸ்டூலு?”

“சட்டப்படி உண்டு.”

‘இன்று முதல்’ என்று எழுதிய நியமனக் கடிதத்தில் ஆச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வேலையாட்கள் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கையோடு ஆச்சி கேட்டார்: “முதலாளி, என் மக கல்யாணத்துக்கு லீவு வேணும்.”

“தாராளமா எடுத்துக்கிடுங்க.”

“வேலை பார்க்கிறவ வீட்டுக் கல்யாணம். முதலாளி வெறுங்கையோடயா அனுப்புவாரு?”

அதுவும் நியாயம்தானே! அண்டா, குண்டா, குத்துவிளக்கு, தவலை எல்லாவற்றையும் லிங்கமே தன் கையால் மாட்டுவண்டியில் ஏற்றி, சீராகக் கொடுத்து அனுப்பினார்.

விஷயம் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இட்லிக் கொப்பரை கேட்டு வந்தவர், குடம் கேட்டு வந்தவர், சும்மா மழைக்கு ஒதுங்கினவர் என்று எல்லோரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்டாவுக்குள் விழுந்தவர்கூட நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டார். ஸ்டூல் தீர்ந்ததும் குடங்களையும் கொப்பரைகளையும் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் பார்த்தபோது பூவன்குறிச்சியில் பாதிப்பேர் கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் என்று ஒருவர்கூட இல்லை. லிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது.

அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கும் கால் கடுக்கு. கொஞ்சம் நகருங்களேன், நானும் உக்காருதேன்” என்றார்.

“அண்ணாச்சி!” பதறினார் மாசானம். “வேலையாளுக்குத்தான் உக்கார இடம். முதலாளி உக்காருறதைப் பத்தி வக்கீலம்மா ஒரு வார்த்தை பேசலை.”

“அப்ப நானும் வேலையாளா சேர்ந்துருதேன்.”

“சேரலாம். ஆனா முதலாளிதானே வேலைக்கு எடுக்கணும்? அவரே வேலைக்குச் சேர்ந்துட்டா எடுக்கிறது யாரு?”

லிங்கம் வலது காலைத் தூக்கி இடது காலில் நின்றார். பிறகு இடது காலைத் தூக்கி வலது காலில் நின்றார்.

அப்போது தோளில் பையோடு ஒரு வெளியூர்க்காரர் வாசலில் தலையை நீட்டினார். “ஐயா, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?”

மாசானம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு இந்த ஊர்ல ஏதாவது வேலை உண்டா?”

“ஒரு வேலையும் இல்லீங்க.”

“இந்தக் கடையில?”

“இல்லவே இல்லீங்க.”

“அப்ப நீங்கதான் முதலாளி” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தினார். அவர் மிரண்டுபோய் நிற்கும்போதே லிங்கம் தன் பேருக்கு எழுதிய ஒரு நியமனக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு குடத்தின்மேல் ஆசையாக உட்கார்ந்து, “அப்பாடா!” என்று காலை நீட்டினார்.

“ஐயா, கையெழுத்துதான் போட்டுட்டேனே! இப்பவாவது வழி சொல்லுங்க. கடைசி பஸ் போயிரும்.”

லிங்கம் அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அவரோடு அத்தனை பேரும் எழுந்து, வரிசையாக வெளியே நடந்தார்கள். கடைசியாகப் போன லிங்கம் சாவிக்கொத்தைப் புது முதலாளியின் கையில் வைத்துப் பணிவாகச் சொன்னார்:

“எனக்கு வழி தெரியும் முதலாளி. ஆனா வேலை நேரம் முடிஞ்சிட்டு. காலையில கடை திறந்ததும் முதல் வேலையா சொல்லுதேன். லேட் பண்ணாம வந்து திறந்திருங்க.”